பொன்னாயியின் கேரம்

ஜெயங்கொண்டம் மூத்தோர் மன்றத்தின் கேரம் பலகையை, ஓய்வுபெற்ற அதிகாரி சிவசுப்பிரமணியன் தன் தனிச்சொத்தாகவே நினைத்திருந்தார். அவர் தோற்றதே இல்லை. தோற்கடிக்கத் துணிந்தவருக்கு மறுநாள் மன்றத்தில் பேப்பர்கூடப் படிக்கக் கிடைக்காது.

முப்பது வருடம் பள்ளியில் சத்துணவு சமைத்து ஓய்வுபெற்ற பொன்னாயி மன்றத்தில் சேர்ந்த அன்றே, "ஏம்மா, டீ போடுவியா?" என்று அவரிடம் கேட்டார் சிவசுப்பிரமணியன்.

"கேரமும் ஆடுவேங்க" என்று பொன்னாயி எதிரே உட்கார்ந்தார். சமையல் முடிந்ததும் தினமும் பிள்ளைகளோடு ஆடிய கை அது. பத்தே நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. சிவசுப்பிரமணியனின் காய்கள் ஐந்து அப்படியே கிடந்தன.

"பலகை கோணலா இருக்கு" என்றார் அந்த மகாவீரர்.

"இத்தனை நாளா நீங்க ஜெயிச்சப்ப நேராத்தான இருந்துச்சுங்க சார்?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஸ்ட்ரைக்கரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு நடையைக் கட்டினார். அறுபத்தெட்டு வயது!

பொன்னாயி கடைத்தெருவுக்குப் போய்ப் புது ஸ்ட்ரைக்கர் வாங்கினார். பக்கத்துக் கடையில் சூடாக இரண்டு வாழைக்காய் பஜ்ஜி தின்றுவிட்டு நிதானமாகத் திரும்பினார். அன்று மாலை பொன்னாயியோடு சேர்த்து மன்றத்தில் நான்கு பெண்கள் ஆடினார்கள். சிவசுப்பிரமணியன் ஒரு வாரம் வரவில்லை. அது யாருக்கும் ஒரு குறையாகத் தெரியவில்லை.