மூடாத தொப்பி

எங்கள் வீட்டு அடுக்களைக் கதவுக்குப் பக்கத்தில், காலண்டர் மாட்டிய ஆணியில், ஒரு நீலத் தொப்பி தொங்குகிறது. தொப்பி என்று நாங்கள் சொல்கிறோமே தவிர, அதற்கு உச்சி கிடையாது. இரண்டு பக்கமும் திறந்த கம்பளிக் குழாய் அது. மேல் விளிம்பில் ஒரு வட்ட ஊசி கோத்தபடியே கிடக்கிறது. விரல் நீளத்தில் இரண்டு மர ஊசிகள், இரண்டையும் இணைக்கும் மெல்லிய வயர். வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்டால் நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன். என் மனைவிதான் பதில் சொல்வாள். "அது ஒரு கப்பல்காரரு சாமான். எங்க வீட்டுல கெடக்கு."

நான் வேம்பாரில் வலை பின்னி வளர்ந்தவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. கடலுக்குப் போக உடம்பு இடம் கொடுக்காமல் போனதும் தூத்துக்குடிக்கு வந்து, துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களில் காவல் வேலை பார்த்தேன். அப்போது ஏதோ வழக்கில் ஒரு சரக்குக் கப்பலைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஏணிப்படியின் தலைமாட்டில் எனக்கு ஒரு நாற்காலி. யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஏற ஆள் இல்லை, இறங்க அனுமதி இல்லை. அந்தக் கப்பலின் சமையல்காரர் மத்தியானப் பாத்திரங்களைக் கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்காருவார். பனி பெய்யும் நாட்டுக்காரர். ஊர்ப் பெயரைப் பலமுறை சொல்லிக் கொடுத்தார், என் நாக்கில் ஏறவில்லை. அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும், எனக்கு அதிலும் கொஞ்சம். காய்கறி கொண்டு வருகிறவர் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

நல்ல வெயிலில், நிலக்கரித் தூசி பறக்கிற இடத்தில், அவர் கம்பளித் தொப்பி பின்னினார். தூசி படாமல் இருக்க மடியில் சமையல் துணியை விரித்துக்கொள்வார். அவர் கப்பல் ஏறிய பிறகு ஊரில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அதைக் கையில் தூக்கியதில்லை. போனில்தான் பார்த்திருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை அவர் மனைவி குழந்தையின் தலையைச் சுற்றி நாடாவைப் பிடித்து அளவு சொல்வார். அன்றைக்கு இவர் போனை வைத்துவிட்டு, பின்னி வைத்திருந்த தொப்பியை எடுத்து, நூலின் முனையைப் பிடித்து இழுப்பார். மொத்தமும் கடகடவென்று கழன்று வரும். பழைய நூல் இடியாப்பம் போலச் சுருண்டு கிடக்கும். அதை நனைத்து, சமையல் அறையில் கொடி கட்டிக் காயப்போடுவார். நனைந்த ஆட்டு வாடை ஏணிப்படி வரைக்கும் வரும். மறுநாள் ஊசியில் ஏற்றும் நூல் வளையங்களில், எங்கள் பேச்சில் கண்ணிகளில், இன்னும் சிலவற்றைக் கூட்டி, கொஞ்சம் பெரிதாக மறுபடி தொடங்குவார். தொப்பியின் பக்கச் சுவர் எழும்பியதும் நிறுத்திவிடுவார். உச்சியை மூட மாட்டார். ஒருநாள் சைகையில் ஏன் என்று கேட்டேன். "டிக்கெட் கம், அண்ணாச்சி. தென் குளோஸ்." டிக்கெட் எப்போது வரும் என்று கேட்டால், எப்போதும் ஒரே பதில்தான். "டுமாரோ." சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

என் கண் அவர் கையிலேயே இருப்பதைப் பார்த்து, பின்னுகிறாயா என்று ஊசியை நீட்டினார். கூச்சத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் விடவில்லை. ஆனால் இருந்தது ஒரே ஊசி, அதில் குழந்தையின் தொப்பி இருந்தது. மறுநாள் நான் தூண்டிலுக்குப் போடும் நைலான் நரம்பில் ஒரு துண்டு கொண்டுபோனேன். எங்கள் பக்கம் அதைத் தங்கூசி என்போம். தொப்பியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தங்கூசிக்கு மாற்றி, இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டி, அவர் ஊசியை விடுவித்துக் கொடுத்தார். மிச்சக் கம்பளி உருண்டை ஒன்றும் கொடுத்தார்.

கண்ணி ஏற்றுவது எனக்குச் சுலபமாக வந்தது. பின்னலில்தான் மாட்டிக்கொண்டேன். வலையில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு முடிச்சு உண்டு. முடிச்சு இல்லாவிட்டால் மீன் நிற்காது. என் கை தன்பாட்டுக்கு ஒவ்வொரு கண்ணியையும் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டது. ஒரு சுற்று முடிவதற்குள் ஊசி நகராமல் இறுகிப்போனது. அவர் அதை வாங்கிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். "நோ நாட், அண்ணாச்சி. நோ நாட்." முடிச்சுக் கூடாதாம். பிரித்துக் காட்டப் பார்த்தார், முடியவில்லை. சமையல் கத்தியால் அறுக்க வேண்டியதாயிற்று. அறுத்த துண்டுகளை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, தன் தொப்பியின் நூல் முனையை லேசாக இழுத்துக் காட்டினார். ஒரு கண்ணி சத்தமில்லாமல் கழன்றது. மறுபடி அதை மாட்டிக்கொண்டார். முடிச்சுப் போட்டிருந்தால் அந்தக் குழந்தையின் தொப்பியை எத்தனை முறை அறுத்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சில வாரங்களில் என் கை படிந்தது. வட்ட ஊசியில் திருப்பிப் பிடிக்கிற வேலை இல்லை, சுற்றிக்கொண்டே போகலாம். நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். அவர் என் பின்னலைப் பார்ப்பார், நான் கடலைப் பார்ப்பேன். அவருடைய போன் நம்பரை வாங்கி வைக்க வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். எப்படிக் கேட்பது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை, ஊசியோடு என் பின்னலையும் பையில் போட்டுக் கொடுத்து, "ஒய்ஃப் ஷோ" என்றார். என் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தூத்துக்குடி வெயிலுக்குக் கம்பளித் தொப்பியாக்கும்? யாருக்குப் பின்னுதீய?" எங்களுக்குப் பிள்ளை இல்லை. கேட்டுவிட்டு அவளே பேச்சை மாற்றி, "சொக்காப் பித்தான் வைக்கத் தெரியாது, இதுல கெட்டிக்காரருதான்" என்றாள்.

ஞாயிறு எனக்கு விடுமுறை. திங்கட்கிழமை போனபோது ஏணிப்படியில் புது முகங்கள் நின்றன. ராத்திரிக் காவலில் இருந்த என் கூட்டாளி சொன்னான். "ஏலே, ஒன் சிநேகிதரு போய்ட்டாருலே. நேத்து விடியுமுன்ன வேன் வந்துச்சு. கப்பல் ஆளுக எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போய்ட்டாவ. அந்தத் தொப்பிய மாலை கணக்கா கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டு, அண்ணாச்சி எங்க, அண்ணாச்சி எங்கன்னு தேடுதாரு. நான் என்னத்தச் சொல்ல? டுமாரோன்னேன்."

அவர் ஊருக்குப் போனதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஊசி என்னிடம் இருந்தது. தொப்பி அவர் கழுத்தில், என் தங்கூசியில், மூடாமல் போயிருந்தது. நான் வருந்துவதைப் பார்த்து என் மனைவி, "அவுக ஊர்ல ஊசிக்கா பஞ்சம்? போன ஒடனே ஒண்ணு வாங்கியிருப்பாரு" என்றாள். அது எனக்கும் தெரியும்.

நான் பின்னலை நிறுத்தவில்லை. ஒவ்வொரு வருடமும் பிரித்து, கொஞ்சம் பெரிதாகப் பின்னினேன். பக்கத்து வீட்டில் அவர் மகளின் வயதில் ஒரு பிள்ளை வளர்ந்தாள். அவள் தலையை அளக்க எனக்கு வெட்கம். என் மனைவிதான் அவளைக் கூப்பிட்டு, முறுக்கைக் கையில் கொடுத்து, தலையை அளந்து சொல்வாள். கம்பளி போதாதபோது பேன்சி ஸ்டோரில் அதே நீலத்தைத் தேடி வாங்கினேன். அந்த நீலம் கிடைக்கவில்லை. இப்போது தொப்பியில் இரண்டு நீலம் இருக்கிறது.

போன வாரம் என் மனைவி அதை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். மூக்குவரை இறங்காமல், காதோடு சரியாக நின்றது. கொண்டை மேல்வழியாக வெளியே தெரிந்தது. "இனி அந்தப் பிள்ளைக்குத் தலை வளராது. மூடிருங்க" என்றாள்.

எப்படி மூடுவது என்று அவர் எனக்குக் காட்டியதில்லை. ஆனால் நான் வலைக்காரன். மீன் சேருகிற வலை மடியின் வாயை எப்படிக் கட்டுவோமோ, அப்படி எல்லாக் கண்ணியிலும் நூலைக் கோத்து இழுத்தேன். உச்சி சுருங்கி, கண் போலக் குவிந்து, மூடிக்கொண்டது. முழுத் தொப்பி. ஒரு முடிச்சுதான் பாக்கி. நூலைச் சுற்றிப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பிறகு நூலை உருவினேன். கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசிக்கு மாற்றி, ஆணியில் மாட்டினேன்.