பட்டனக்கா வீட்டு ஒன்பது ஃபிரிட்ஜ்கள்

பட்டனக்கா வீட்டில் ஒன்பது ஃபிரிட்ஜ் இருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. தெருமுனை டீக்கடையில் கேட்டால் பன்னிரண்டு என்பார்கள். அங்கே பாலில் சேர்ப்பதைப் பேச்சிலும் சேர்ப்பார்கள். அத்தனையும் வீட்டு வசதி வாரியத்து இன்ஸ்பெக்டர் ஆசையாய் வாங்கிக் கொடுத்தது என்று ஒரு கட்சி. இல்லை, அவள் உள்ளுக்குள் பெரிய பணக்காரி, சட்டைக்குப் பட்டன் தைப்பதெல்லாம் வேஷம் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் ஆள் சேர்ந்துகொண்டே போவதால், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவதுதான் நல்லது.

பட்டனக்காவின் பிழைப்பு, தையற்கடைகளிலிருந்து மூட்டையாக வருகிற சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைத்து மூட்டையாகத் திருப்பி அனுப்புவது. வாயில் எப்போதும் நாலைந்து பட்டன் இருக்கும். பேச வேண்டுமானால் முதலில் அதைக் கையில் துப்புவாள். எதிராளிக்கு ஓடிப்போக அந்த நேரம்தான் கிடைக்கும். வீட்டுக்காரர் மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர். விடிவதற்குள் வேலையை முடித்துவிட்டு வந்து படுத்தால், இடி விழுந்தாலும் எந்தப் பக்கம் விழுந்தது என்று கேட்காத மனிதர்.

கல்யாணமான நாள் முதல் தகரக் கூரைக்குக் கீழே, மழைக்குப் பாத்திரம் வெயிலுக்கு விசிறி என்று குடும்பம் நடத்தியவள் அவள். வாரியத்து ஆபீசுக்கு நடையாய் நடந்து, ஒருவழியாகக் கிடைத்ததுதான் இந்த நாலாவது மாடி வீடு. ஒரு ரூம், ஒரு சமையல் மூலை, ஒரே ஒரு பிளக் பாயிண்ட். லிஃப்ட் இல்லை. லிஃப்டுக்கென்று விட்ட பொந்தில் புறாக்கள் குடியிருந்தன, அவை மனு கொடுக்காமலே. குடிவந்த அன்று மழை பெய்தது. பட்டனக்கா ரூம் நடுவில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு சொட்டு விழவில்லை. இனிமேல் செத்தாலும் இங்கேதான் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள்.

ஆனால் வாரியத்து வீட்டில் குடியிருப்பது சும்மா இல்லை. அது ஏழைகளுக்கான வீடு. உள்ளே வந்த ஏழை ஏழையாகவே இருக்கிறாரா, இல்லை கண் அசந்த நேரத்தில் முன்னேறிவிட்டாரா என்று வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். ஃபிரிட்ஜ், பெரிய டிவி, துணி துவைக்கிற மெஷின் எதையாவது பார்த்துவிட்டால் முன்னேற்றம் நிரூபணம். பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கஷ்டப்பட்டுக் கடனில் வாங்கியது என்றெல்லாம் சொன்னால் அங்கே எடுபடாது.

அதற்குக் கட்டிடத்துக்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பழைய இன்ஸ்பெக்டருக்கு மூச்சிரைப்பு. கீழேயிருந்து ஆரம்பிப்பார், மூன்றாவது மாடியிலேயே நாற்காலி கேட்பார், நாலாவது மாடியை மனக்கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். அதனால் அவர் வருகிற அன்றைக்கு மட்டும் எல்லார் ஃபிரிட்ஜும் டிவியும் பட்டனக்கா வீட்டுக்கு ஏறிவிடும். அவள் வீட்டில்தான் இடம் இருந்தது. வேறு எதுவும் இல்லாததால் இடம் இருந்தது.

இந்த வருஷம் ஆளை மாற்றிவிட்டார்கள். புது இன்ஸ்பெக்டர் சின்ன வயசு, கஷ்டமானதை முதலில் முடித்துவிட வேண்டும் என்கிற ரகம். மேலே ஏறி அங்கேயிருந்து இறங்கிக்கொண்டே பார்க்கலாம் என்று காலையிலேயே வந்துவிட்டார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் இரண்டு பேர் ஒரு ஃபிரிட்ஜுக்கு அடியில் மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர், ரிட்டயர்டு கண்டக்டர். இன்னொருவர் இரண்டாவது மாடி ஆட்டோ டிரைவர்.

"தம்பி, சும்மா பார்த்துட்டு நிக்கிறீங்களே, ஒரு கை குடுங்க," என்றார் செயலாளர்.

இன்ஸ்பெக்டர் நல்ல வளர்ப்பு. சட்டைக் கையை மடித்துவிட்டுக் கீழ்ப்பக்கத்தைப் பிடித்தார்.

"அப்படித்தான். ஏறு, ஏறு. ரைட்," என்று செயலாளர் பழைய பழக்கத்தில் குரல் கொடுக்க, ஃபிரிட்ஜ் பட்டனக்கா வாசலில் இறங்கியது. இன்ஸ்பெக்டர் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார், வேர்வையைத் துடைத்தார், பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டினார்.

டிரைவர் அதைப் படித்துவிட்டு, "அண்ணே," என்றார். செயலாளரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

உள்ளே எட்டு ஃபிரிட்ஜ் வரிசையாக நின்றன. சுவரோரம் டிவிகள் ஒன்றன் மேல் ஒன்று. நடுவில் இருந்த ஓர் ஆள் அகலத்தில் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் ஒரு ஃபிரிட்ஜைத் திறந்தார். பால் பாக்கெட் இன்னும் சில்லென்றிருந்தது.

"யாரோடதும்மா இதெல்லாம்?"

பட்டனக்கா பட்டனைத் துப்பினாள். உண்மையைச் சொன்னால் கட்டிடமே காலி. சொல்லாவிட்டால் அவள் காலி. சத்தம் கேட்டுப் படிக்கட்டில் கூடியிருந்தவர்களைப் பார்த்தாள். ஒருத்தராவது வாயைத் திறப்பார்கள் என்று நினைத்தாள்.

"அண்ணே, இது உங்களோடதா?" என்று டிரைவரைக் கேட்டாள்.

"எங்க வீட்ல பானைதான்க்கா," என்றார் அவர், புறாவைப் பார்த்துக்கொண்டு.

அப்படியே ஒவ்வொருவராகக் கேட்டாள். அன்றைக்குக் கட்டிடம் முழுவதும் பானைத் தண்ணீர் குடிக்கிறவர்களாகவே இருந்தார்கள். கடைசியாகச் செயலாளர்.

"இந்தம்மாவோடதுதான் சார் எல்லாம். பாவம், தூக்க ஆள் இல்லையேன்னு நாங்க ஒத்தாசை பண்ணோம்."

அவர் தூக்கிவந்த ஃபிரிட்ஜின் கதவில், மாலை போட்டு மைக் பிடித்தபடி அவருடைய போட்டோ ஒட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் போட்டோவைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"அந்தம்மாவுக்கு என் மேல ஒரு மரியாதை சார்," என்றார் செயலாளர்.

பட்டனக்கா கூரையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"சரி சார். எல்லாம் என்னோடதுதான். எழுதிக்கோங்க."

அவர் எழுதினார். ஒரு மாசத்துக்குள் வீட்டைக் காலி பண்ண வேண்டும்.

சாயங்காலம் ஃபிரிட்ஜுக்காரர்கள் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாலும், கையில் கயிறும் சாக்கும் இருந்தன. பட்டனக்கா வாசலை அடைத்து உட்கார்ந்து சட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக் கயிறு?"

"நம்ம ஃபிரிட்ஜை இறக்கிடலாம்னு," என்றார் டிரைவர்.

"எது நம்ம ஃபிரிட்ஜ்? காலையில ஆபீசர் கேட்டார், என்னோடதுன்னு எழுதிட்டுப் போயிருக்கார். உங்களோடதுன்னா ஆபீஸ்ல போய் சொல்லுங்க, தரேன். இல்லன்னா காலி பண்றப்போ என் சாமானோட அதுவும் போகும்."

"என்னக்கா, இவ்வளவு நாள் பழகிட்டு."

"அதைத்தாண்ணே நானும் காலையில நினைச்சேன்."

வெயில் காலம். பால் திரிந்தது. சீரியலில் யாருக்குக் கல்யாணம் ஆனது, யார் ஜெயிலுக்குப் போனது என்று எதுவும் தெரியாமல் வீடுகளில் சண்டை வந்தது. டிரைவர் சம்சாரம் மட்டும் மாமியாரின் இன்சுலினோடு வந்து நின்றாள். பட்டனக்கா மறுபேச்சில்லாமல் வாங்கி, பிளக்கில் மாட்டியிருந்த ஒரே ஃபிரிட்ஜில் வைத்தாள். "மருந்துக்கு எப்ப வேணும்னாலும் வா. ஃபிரிட்ஜைக் கேட்டு வராதே," என்றாள். வீட்டுக்காரர் அந்த ஃபிரிட்ஜ் கதவுப் பக்கம் தலை வைத்துத் தூங்கப் பழகிக்கொண்டார். வீட்டில் சந்தோஷமாக இருந்தது அவர் ஒருவர்தான். பட்டனக்காவுக்குத் தூக்கமே இல்லை. மிரட்டி வைத்திருக்கிறோமே, இவர்கள் ஃபிரிட்ஜே வேண்டாம் என்று விட்டுவிட்டால் என்ன செய்வது? ஒன்பது ஃபிரிட்ஜை வைத்துக்கொண்டு தகரக் கூரைக்கா போவது?

அவர்கள் விடவில்லை. ஃபிரிட்ஜுக்குத் தவணை பாக்கி இருந்தது. மாசம் முடிவதற்குள் கட்டிடமே கிளம்பி வாரியத்து ஆபீசுக்குப் போனது. பட்டனக்காவும் கடைசி ஆளாக நின்றாள். பெரிய அதிகாரி முன்னால் செயலாளர் ஒருவழியாக எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ உங்க கட்டிடத்துல ஏழையே இல்லையா?"

"ஒருத்தங்க இருக்காங்க சார்."

"யாரு?"

"நீங்க காலி பண்ணச் சொன்னவங்க."

அதிகாரி யோசித்தார். சரியான ஏழைகளைத் தேர்ந்தெடுத்ததற்காகப் போன வருஷம் அந்தக் கட்டிடத்துக்குத்தான் பரிசு வாங்கியிருந்தார். கேடயம் அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. இவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டால், கேடயத்தை முதலில் காலி பண்ண வேண்டும். இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்.

"ஏன்யா, அந்த ஃபிரிட்ஜை நீயே தூக்கிக் குடுத்தியாமே?"

"ஒரு பிடிதான் சார்."

"அன்னிக்கு உனக்குக் காய்ச்சல் இல்ல?"

"இல்லையே சார், நல்லாத்தான் இருந்தேன்."

"முதுகு வலியாவது இருந்துதா?"

"அது இன்னும் இருக்கு சார்."

"அப்போ அன்னிக்கு நீ லீவு. நீ போகவே இல்ல. எதையும் பார்க்கவே இல்ல. அந்தம்மாவைக் காலி பண்ணச் சொன்னதும் இல்ல."

இன்ஸ்பெக்டர் முதுகைத் தடவிக்கொண்டே லீவு எழுதிக் கொடுத்தார். பட்டனக்கா அதிகாரியைப் பார்த்து, "அப்போ வீடு எனக்குத்தானே சார்?" என்று மூன்று தடவை கேட்டு, மூன்று தடவையும் ஆமாம் சொன்ன பிறகுதான் வெளியே வந்தாள். அன்றைக்கே படிக்கட்டில் ஃபிரிட்ஜுகள் இறங்க ஆரம்பித்தன.

இதுதான் நடந்தது. இருந்தாலும் டீக்கடைக் கணக்கு குறையவில்லை. போன வாரம் புதிதாகக் குடிவந்த ஒருத்தி, மேலே வந்து நைசாகக் கேட்டாள்: "ஏங்க்கா, உங்களுக்கு அந்த இன்ஸ்பெக்டர் ஒன்பது ஃபிரிட்ஜ் வாங்கிக் குடுத்தாராமே?"

பட்டனக்கா பட்டனைக் கையில் துப்பினாள்.

"ஒன்பது இல்ல, ஒண்ணுதான். வாங்கிக் குடுத்தது இன்ஸ்பெக்டரும் இல்ல, செயலாளர். 'இந்தம்மாவோடதுதான்'னு அவர் வாயாலதான் சொன்னார். இப்பப் போய் அவர் கேட்டா, நான் எதுக்குடி திருப்பித் தரணும்?"