சனிமூலைக்குச் சின்னத் தட்டு

மலைக்கிராமமான பூண்டியில் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப் மகாராணியின் வாசலில் நிற்காமல் போகத் தொடங்கி நாலு மாதம் ஆகிறது. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் அவளைப் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒவ்வொரு காலையும் அந்தப் புழுதி அவள் முகத்தில் படியும். துடைக்கமாட்டாள். இருக்கட்டும், அமிர்தவல்லிக்குத் திருப்பிக் கொடுக்கும் நாள் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொள்வாள்.

தனசேகர் தோட்டத்தில் பூண்டு ஊன்றிய அன்று ஆரம்பித்த வினை அது. சனிமூலையில், அதாவது வடகிழக்கு மூலையில், முதல் வரிசையை வீட்டுக்காரிதான் ஊன்ற வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். தனசேகரின் மனைவி அமிர்தவல்லி பட்டுப்புடவையோடு குனிந்து, ஒவ்வொரு பல்லாக ஈர மண்ணில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். கூலிக்குப் போகிற பெண்கள் விரலில் மோதிரம் இருந்தால் அதை முந்தியில் முடிந்துகொண்டுதான் மண்ணில் கை வைப்பார்கள். பூண்டிக் குளிருக்கு விரல் சுருங்கிப்போகும், போட்டது கழன்றது தெரியாது. வருடத்துக்கு ஒருநாள் மண்ணைத் தொடுகிற அமிர்தவல்லிக்கு அது எங்கே தெரியும்?

கை கழுவத் தண்ணீர் ஊற்றியவள் மகாராணி. அன்று சாயங்காலம், "எங்க ஆத்தா மோதிரம் எங்கேடி?" என்று புருஷன் அதட்டியதும் அமிர்தவல்லி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"ஊன்றதுக்கு முன்னாடியே கழட்டி மகாராணி கையிலதாங்க குடுத்தேன்!"

அவ்வளவுதான். மகாராணியின் அரிசிப் பானையைக் கவிழ்த்துத் தேடினார்கள். தலையணையைக் கிழித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் 'திருடி' என்ற பேர் மட்டும் அவள்மேல் ஒட்டிக்கொண்டது. அவள் புருஷன் சோலைமுத்து டீக்கடைப் பக்கம் போவதையே விட்டான். நெஞ்சில் நெருப்பைச் சுமந்துகொண்டு மகாராணி தினமும் கொடைக்கானலுக்குப் போய்வந்து, ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவினாள்.

அங்கேதான் ஆக்னல் என்ற பையனைப் பார்த்தாள். ஓட்டல் புல்வெளியில் ஒரு டூரிஸ்ட் அம்மாள் தொலைத்த கம்மலை, நீளக் கம்பியின் நுனியில் வட்டத் தட்டு மாட்டிய, மண்ணுக்குள் உலோகம் கிடந்தால் சத்தம் போடும் மெஷினால் தடவித் தடவி எடுத்துக் கொடுத்தான். ஈரக் கையோடு ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தாள் மகாராணி.

"தம்பி, எனக்கு ஒரு மோதிரம் எடுத்துத் தரணும். நகைக்காக இல்லப்பா. என் மானத்துக்காக!"

பூண்டு பிடுங்குகிற நாளில் இருவரும் தோட்டத்துக்கு வந்து நின்றார்கள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. பிடுங்கிய பூண்டு நனைந்தால் அழுகிவிடும் என்று பெண்கள் பரபரத்துக்கொண்டிருந்தார்கள். அமிர்தவல்லி கைகொட்டிச் சிரித்தாள்.

"ஏடி, திருடினது நீ, தேடுறதும் நீயா? தேடு. கெடைக்கலைன்னா ஊரை விட்டே ஓடிரணும்!"

"தேடட்டும் விடு," என்றான் தனசேகர்.

ஆக்னல் பையிலிருந்து சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய வட்டத்தை எடுத்து மாட்டினான். "பெரிய காயில்க்கா. ஆழமாப் பார்க்கும், அகலமாப் பார்க்கும். மழைக்குள்ள முழுத் தோட்டத்தையும் கவர் பண்ணிரலாம்."

வைத்த இடமெல்லாம் அலறியது அது. காட்டுமாட்டைத் தடுக்கப் போட்ட முள்வேலித் துண்டு, ஆணி, பழைய மண்வெட்டி உடைசல். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"மகாராணி, புதையலை அள்ளி மூட்டை கட்டு!" என்றாள் ஒருத்தி.

ஆக்னல் வியர்வையைத் துடைத்தான். "இரும்புக் குப்பையா கெடக்குக்கா. இந்தத் தட்டுக்கடியில ஒரே நேரத்துல நாலு இரும்பு வந்துருது. அதுக நடுவுல சின்னத் தங்கத்தோட சத்தம் அமுங்கிப்போகும். உள்ளங்கை அளவுக்கு ஒரு காயில் இருக்கு. அது ஒவ்வொண்ணையும் தனித்தனியாக் காட்டும். ஆனா ஆழம் போகாது. இத்தாம்பெரிய தோட்டத்தைத் தடவ ரெண்டு நாளாகும். எது மாட்டட்டும்?"

மகாராணி மேகத்தைப் பார்த்தாள். சின்னது என்றால் மழைக்குள் ஒரே ஒரு இடம்தான். அங்கே இல்லையென்றால் அவள் பிழைப்பும் இல்லை, ஊரும் இல்லை.

"ஆழம் எதுக்கு தம்பி? பூண்டை விரக்கடை ஆழத்துக்கு மேல ஊன்றதில்லையே. சின்னதையே மாட்டு. சனிமூலைக்கு வா."

அமிர்தவல்லியின் சிரிப்பு நின்றது. "அங்க என்ன இருக்கு? நான்தான் முன்னாடியே கழட்டிட்டேன்னு..."

ஆக்னல் முதல் வரிசையை அங்குலம் அங்குலமாகத் தடவினான். கரகரவென்று ஒரு ஆணி. அடுத்துக் கொஞ்ச தூரம் ஒன்றுமில்லை. பிறகு, குருவி கத்தினாற்போல் தெளிவாக ஒரு சின்னச் சத்தம். ஆக்னல் கையை நீட்டினான்.

"தொடாத தம்பி!" என்று கத்தினாள் மகாராணி. "நானும் தொடமாட்டேன். தொட்டா நாங்களே வெச்சோம்னு சொல்லுவாக. அண்ணே, நீங்க எடுங்க."

தனசேகர் மண்டியிட்டுச் செடியைப் பிடுங்கினான். வேர் மண்ணை விரலால் உதிர்த்தான். அவன் தாயின் மோதிரம், சேறு அப்பிய சிவப்புக் கல்லோடு உள்ளங்கையில் விழுந்தது. மனைவியை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வைக்கே அமிர்தவல்லி ஓரடி பின்னால் போனாள்.

"கையில குடுத்தேன்னீங்களேக்கா," என்றாள் மகாராணி. நாலு மாத நெருப்பும் அவள் குரலில் எரிந்தது. "இப்பச் சொல்லுங்க. எல்லாரும் கேக்க!"

"ஏதோ ஞாபகப் பிசகு... விடேன்டி. ஏ, நீங்கள்லாம் என்ன வேடிக்கை? மழை வருது, வெரசாப் பிடுங்குங்க!"

யாரும் குனியவில்லை. முதலில் சிரித்த அதே பெண் கையிலிருந்த பூண்டுக் கட்டைக் கீழே போட்டாள். "மொத அவளுக்குப் பதில் சொல்லுங்கக்கா. நாளைக்கு எங்களையும் இப்படித்தானே சொல்லுவீங்க?"

மேற்கில் இடி உருண்டது. அமிர்தவல்லி மேகத்தைப் பார்த்தாள்.

"நான்... குடுக்கல. அவ எடுக்கல."

"சத்தமாக்கா. ரோட்டுல நிக்கிற ஜீப் டிரைவருக்குக் கேக்கல," என்றாள் மகாராணி.

"மகாராணி திருடல! நான்தான் பொய் சொன்னேன்! போதுமா?" என்று கதறினாள் அமிர்தவல்லி.

பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். அமிர்தவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு கெஞ்சினாள். "கை பத்தாதுடி. நீயும் எறங்கு. நனைஞ்சா எல்லாம் போச்சு."

மகாராணி வரப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முந்தியிலிருந்து வெற்றிலையை எடுத்து, நிதானமாக நரம்பு கிள்ளினாள்.

"நீங்க பிடுங்குங்கக்கா. நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அமிர்தவல்லி மண்ணில் இறங்கினாள். முதல் துளி அவள் முதுகில் விழுந்தபோது, மகாராணி வெற்றிலையை வாயில் போட்டு மெல்லத் தொடங்கினாள்.