ஓர் ஆள் நுழையும் சந்து

ஐம்பதுகளின் கடைசியில் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கி என் பொறுப்பில் இருந்தது. லோடு ஏற்ற லாரி பின்பக்கமாக வந்து வாசலை ஒட்டி நிற்கும். லாரிக்கும் வாசல் நிலைக்கும் நடுவே மேலேயும் இரண்டு பக்கமும் சந்து விழும். அது வழியாக ஐப்பசி மழை அடித்துப் பண்டல்கள் நனையும். முதலாளியிடம் ஏச்சு வாங்குவது நான். அதை அடைக்கத்தான் விருதுநகரிலிருந்து ஒரு தார்ப்பாய்க்காரரை வரவழைத்தேன்.

ஒல்லியான மனிதர். தலைப்பாகையில் கோணி ஊசி செருகியிருப்பார். வாசலை அளக்கவே இல்லை. லாரியை நிறுத்தச் சொல்லிவிட்டு, பக்கத்துச் சந்து வழியாக உள்ளிருந்து வெளியே பக்கவாட்டில் உடம்பை நுழைத்து நுழைத்து வந்துகொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

தேங்காய் நார் திணித்துத் தைத்த தார்ப்பாயை மேலேயும் இடது பக்கமும் கட்டினார். வலது பக்கத்தை அப்படியே விட்டுவிட்டார்.

"என்னய்யா, பாதி வேலையில கெளம்புறீக?"

"வேலை முடிஞ்சிருச்சு. உள்ள நாலு பேரு நிக்காக. ஒரு பொறி விழுந்தா எங்கன ஓடுவாக? வாசலைத்தான் லாரி அடைச்சிருக்கே."

"சரக்கு நனைஞ்சா என்னையில்ல ஏசுவாக!"

"ஏசுவாக. வாங்கிக்கிடுங்க."

அந்தச் சந்து வழியாகவே வெளியேறிப் போய்விட்டார்.

சீசன் முழுக்கப் பண்டல்கள் நனைந்தன, ஏச்சும் ஓயவில்லை. அந்த வலது பக்கச் சந்தை அடைக்கத் தார்ப்பாய்த் துண்டும் ஆணியும் எடுத்து வைத்தேன். ஆனால் லோடு ஏறும்போது உள்ளே நிற்க நேர்ந்தால், என் கால் தானாக அந்தப் பக்கம்தான் போகும். சட்டை நனைய நனைய அங்கேயே நின்றுகொண்டு அவரைத் திட்டுவேன்.