வெந்நீர் வளர்த்த வாத்து

“எவன் வந்தாலும் வாசல் வரைக்கும் போக மாட்டேன். எவன் போனாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன். இந்தக் கட்டை வேகுற வரைக்கும் இதுதான் சட்டம்!”

சலவைக்கூடத்து பாய்லர் அறையில், வந்து குவிகிற ஈரத்துணி மூட்டைகளையும் நீராவிக் குழாய்களையும் சாட்சி வைத்து இந்தப் பிரகடனத்தைச் செய்தவர் பெயர் வெந்நீர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் துணிச்சல் இல்லை. பாய்லர் ஓட்டுவதால்தான் இந்தப் பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும் அவரை அப்படியே நினைக்க விட்டிருந்தார்கள்.

கோபம் அவருக்கு மூக்கின் மேல் இருந்தது என்று சொல்வது குறைத்துச் சொல்வதாகும். மூக்கில் இடம் போதாமல் காது, கழுத்து, முழங்கை என்று குடும்பத்தோடு குடியேறியிருந்தது. “சௌக்கியமா?” என்று யாராவது கேட்டுத் தொலைத்தால், “ஏன், இல்லேன்னு எவன் சொன்னான்?” என்று பாய்வார். அழுத்தமானியின் முள் அசைந்தால் முள்ளுக்குத் திட்டு. அசையாவிட்டால் இரட்டைத் திட்டு. சோப்பு நுரைத்ததற்காக அதைத் திட்டிய ஒரே மனிதர் உலகில் அவராகத்தான் இருப்பார்.

திரும்பிப் பார்க்காத கொள்கைக்கு அவரிடம் ஆதாரமும் இருந்தது. பல வருஷங்களுக்கு முன் தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் புருஷன் பேச்சுவாக்கில், “உங்க கூடத்துல துவைச்சு வர்ற விரிப்புல கறை அப்படியே இருக்காமே?” என்று கேட்டுவிட்டான். வெந்நீர் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நடந்தார். தங்கை வாசலில் நின்று “அண்ணா, அண்ணா” என்று கூப்பிட்டாள். தெருமுனை வரை அவர் கழுத்து இம்மி அசையவில்லை. இதைத் தன் வாழ்நாள் சாதனையாக, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிவந்தார்.

இப்பேர்ப்பட்டவரின் வாழ்க்கையில் வாத்து எப்படி வந்தது என்றால், காலைச் சாப்பாட்டிலிருந்து வந்தது. இஸ்திரி போடும் அக்கா தினமும் கடையில் வாத்து முட்டை வாங்கிவந்து, குழாயில் வடியும் கொதிநீர் வாளியில் போட்டு அவித்துக்கொள்வாள். தனி அடுப்பு வேண்டாம், விறகு வேண்டாம், முதலாளியின் நீராவி. அப்படி வந்ததில் ஒரு முட்டை உருண்டு, குழாய்க்கு மேலே பரண்பலகையில் கிடந்த பழைய துண்டுக் குவியலுக்குள் போய்விட்டது. யாரும் தேடவில்லை. கீழே குழாய் இதமாகச் சூடு கொடுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பிழியும் இயந்திரம் ஓடும்போதெல்லாம் பலகை நடுங்கி முட்டையைப் புரட்டிவிட்டது. சரிசெய்யச் சொல்லியும் சூப்பர்வைசர் கண்டுகொள்ளாத நீராவிக் கசிவு, வேண்டிய ஈரத்தையும் கொடுத்தது. ஒரு தாய் செய்யவேண்டிய அத்தனையையும் இரும்பும் அலட்சியமும் சேர்ந்து செய்து முடித்தன.

ஓடு உடைந்த நேரத்தில் வெந்நீர் அந்தக் கசிவைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். ஆகவே குஞ்சு இந்த உலகத்தில் கேட்ட முதல் குரல், “நாசமாப் போறவனுங்களா, எத்தனை தடவைடா சொல்றது!” என்பது. அது மகிழ்ச்சியோடு கீச்சிட்டுப் பதில் சொன்னது.

அன்றிலிருந்து அவர் திட்டுவார், அது வரும். “சனியனே, காலுக்குள்ள வராதே!” என்றால் காலுக்குள் வரும். “தூரப் போ!” என்றால் செருப்பின் மேல் ஏறி உட்காரும். அவர் திட்டிக்கொண்டே தானியம் ஊறவைத்தார். திட்டிக்கொண்டே அலசும் தொட்டியில் வெதுவெதுப்பான நீர் விட்டுக் கொஞ்ச நேரம் நீந்த வைத்தார். தாய் வாத்திடம் வளராததால் அதன் இறகில் தண்ணீர் ஒட்டாத மெழுக்கு இல்லை, நனைந்தால் நடுங்கியது. அதற்கும் திட்டிக்கொண்டே, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய புதுத்துண்டால் துவட்டினார்.

“என்ன அண்ணே, பிள்ளைக்குக் குளிப்பாட்டியாச்சா?” என்று இஸ்திரி அக்கா கேட்டாள்.

“பிள்ளையா? இது தண்டம்! எப்ப ஒழியும்னு பார்த்துட்டிருக்கேன்.”

“ஒழியணும்னு பார்க்கிறவர், அதோட காதையும் துவட்டுறீங்களே.”

குஞ்சு வளர்ந்து, பழுப்பு இறகு முளைத்து, நடைக்கு ஒரு தோரணையும் வந்தபோது வந்தது வினை. ஆஸ்பத்திரிக்காக மடித்து வைத்த வெள்ளை விரிப்புகளின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உலாப் போய், போன வழியெல்லாம் பச்சை முத்திரையும் இட்டுவிட்டது. சூப்பர்வைசரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன.

“யோவ், நாளைக்குக் காலைல இது இங்க நின்னுச்சுன்னா, ஹோட்டல் சமையல்காரர் மேஜைத்துணி எடுக்க வரும்போது இதையும் சேர்த்து எடுத்துட்டுப் போவார். போன வாரமே நெஞ்சைத் தடவிப் பார்த்து, நல்ல சதைன்னு சொல்லிட்டுப் போனார்.”

“அந்த ஆளு என் நெஞ்சைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்க!” என்று வெந்நீர் உறுமினார். ஆனால் உறுமலால் ஒன்றும் ஆகாது. அவர் குடியிருந்ததோ மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. அங்கே பறவை, பிராணி, விருந்தாளி மூன்றுக்கும் அனுமதி கிடையாது. அந்த ஊரில் வாத்து வளர்ப்பவர் என்று அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆள். அது தங்கை.

அழுக்குத்துணிப் பையில் வாத்தை வைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, வழி நெடுக அதைத் திட்டியபடி போய்ச் சேர்ந்தார். தங்கை கதவைத் திறந்தாள்.

“வழி தெரிஞ்சுதா?”

“உன்னைப் பார்க்க வரல. இதுக்காக வந்தேன்.”

“நானும் உனக்காகத் திறக்கல. நாய் குரைச்சுது.”

அவள் பைக்குள்ளிருந்து வாத்தைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தாள். அது அவளைப் பார்க்காமல் அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இது வாத்து இல்ல அண்ணா. வாத்துத் தோலுக்குள்ள உக்காந்திருக்கிற நீ. என் கூட்டம் இதைச் சேர்த்துக்கணுமே.”

“சேர்த்துக்காம? அதுங்க என்ன பெரிய அரண்மனை வாத்தா?”

வீட்டின் பின்னால் குட்டை இருந்தது. கரையில் கம்பி வலையால் ஒரு மூலையைத் தடுத்து, புதுசை உள்ளே விட்டாள். வலைக்கு இருபுறமும் தீனிச்சட்டி. பார்த்துக்கொண்டே தின்று பழகட்டும் என்பது ஏற்பாடு. மற்றவை பழகின. ஆனால் புதுசு, வேலை முடிந்து மாலையில் வெந்நீர் வந்து நின்று திட்டினால்தான் தின்றது. அவர் இல்லாத நேரமெல்லாம் பட்டினி. மார்பெலும்பு துருத்தத் தொடங்கியது.

சில நாள் கழித்து வலையைத் திறந்தார்கள். கூட்டத்துக்குத் தலைமை வகித்த வெள்ளை ஆண் வாத்து நேரே வந்து, புதுசின் பிடரியைக் கவ்வி அழுத்தியது.

“டேய், வெள்ளை நாயே! விடுடா! உன் கழுத்தை முறுக்கித் துணி பிழியற மாதிரி பிழிஞ்சுடுவேன்!” என்று வெந்நீர் அதிரக் கத்தினார்.

பிடியிலிருந்து உருவிக்கொண்ட வாத்து, வாலை ஆட்டி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி அவரிடம் ஓடிவந்தது. மறுநாளும் அதே கவ்வல், அதே கத்தல், அதே ஓட்டம். அதற்கு மறுநாளும் அப்படியே. தங்கை தீனிக்கூடையை இடுப்பில் வைத்தபடி யோசித்தாள்.

“எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீ கத்துறதுதான் அதுக்குத் தாய் கூப்பிடுற குரல். நீ காப்பாத்துறேன்னு வாயைத் திறந்தா, அது கூட்டத்தை விட்டு உங்கிட்ட வருது. வாயை மூடு.”

“நானா?”

“வேற யாரு? மேல் உதடு, கீழ் உதடு. ரெண்டையும் சேர்த்து வைக்கணும். பழக்கமில்ல, தெரியும். நாளைக்கும் இது கூட்டத்துல சேர்ந்து தின்னலேன்னா என்னால முடியாது. பட்டினியில செத்ததுன்னு பழி என் தலையில விழக்கூடாது. திரும்ப எடுத்துட்டுப் போயி நீ சொன்ன அந்த ஹோட்டல் சமையல்காரர்கிட்டயே கொடு.”

மறுநாள் வெந்நீர் கரையோரம் நின்றார். வலை திறந்தது. வெள்ளை வாத்து வந்து கவ்வியது. அவர் தோளில் கிடந்த துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டார். முகம் சிவந்து, நரம்பு புடைத்து, அழுத்தம் ஏறிய பாய்லர் போலானார். அந்தப் பக்கம் தங்கை புருஷன் சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அதற்கும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. புதுசு வேலியோரம் ஒண்டிக்கொண்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் விழித்தது.

கூட்டத்தின் நடுவே தீனி இறைத்துக்கொண்டிருந்த தங்கை அண்ணனை ஏறிட்டுப் பார்த்தாள். வாயில் துணியோடு நிற்கும் வெந்நீர்! இப்படி ஒரு வாய்ப்பு ஆயுசில் இன்னொரு முறை வருமா?

“என்ன, பேச்சைக் காணோம்? அன்னிக்கும் இப்படி வாயை மூடிட்டு உக்காந்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? கை கழுவாம எழுந்து போனியே, அந்தத் தட்டை யார் கழுவினா? நான்! இந்த மனுஷன் சொன்னது தப்புதான். இவர் மடையர்தான்.” சுவரோரச் சிரிப்பு நின்றது. “விரிப்புல கறைன்னு சொன்னது அவர். வாசல்ல நின்னு தொண்டை கிழியக் கூப்பிட்டது நான். நான் என்ன கறையா? என் கல்யாணத்துக்கு நீ சீரா தோளில தூக்கிட்டு வந்த மேஜையைக் கோபத்துல திரும்ப எடுத்துட்டுப் போகக்கூட உனக்கு வர மனசு வரல! உடம்புக்கு முடியாம நான் படுத்தபோது எட்டிப் பார்த்தியா? எத்தனை தடவைடா ஒருத்தி கூப்பிடுறது!”

அண்ணனை ‘டா’ போட்டுவிட்டாள். குரல் உச்சத்தில் ஏறி உடைந்தது. அந்த ஏற்றமும், உடைசலும், தெறிக்கும் எச்சிலும் அச்சு அசலாகக் குடும்பச் சொத்து.

வேலியோரத்தில் ஒரு தலை நிமிர்ந்தது.

புதுசு தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு கூட்டத்தின் நடுவே, முதுகுகளையும் வால்களையும் இடித்துத் தள்ளிக்கொண்டு, தங்கையின் காலடிக்கு நடந்தது. வெள்ளை வாத்து மறித்துக் கவ்வ வந்தது. இது திரும்பி, அதன் மூக்கிலேயே ஒரு கொத்துக் கொத்தியது. அம்மா திட்டுகிற இடத்தில் பிள்ளைக்கு யார் பயம்? பிறகு சட்டிக்குள் அலகை விட்டது. பக்கத்தில் தின்றுகொண்டிருந்த கிழட்டு வாத்து ஒன்று முனகிவிட்டு இடம் விட்டது.

தங்கை மூச்சு வாங்க நிறுத்தினாள். தின்றுகொண்டிருந்த தலை நிமிர்ந்து தேடியது. வெந்நீர் பதறிப்போய், நிறுத்தாதே, திட்டு, இன்னும் திட்டு என்று இரண்டு கைகளாலும் சைகை காட்டினார்.

அவளுக்கா சொல்லித்தர வேண்டும்? விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். அப்பா காலத்துச் சங்கதி வரை போய்வந்தாள். அதற்குள் சட்டி காலியாகி, கூட்டம் தண்ணீரில் இறங்க, புதுசும் கூடவே இறங்கியது. கொஞ்ச தூரம் நீந்திவிட்டு மற்றவற்றோடு கரையேறி, அவற்றைப் பார்த்து இறகை உதறிக் கோதத் தொடங்கியது.

“போ,” என்றாள் தங்கை, கம்மிய தொண்டையில். “பேசாம போயிடு. திரும்பிப் பார்த்துத் தொலைக்காதே. அது உன் மூஞ்சியைக் கண்டா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். திரும்பிப் பார்க்காம போறதுதான் உனக்குக் கைவந்த கலையாச்சே.”

வெந்நீர் துண்டை வாயிலிருந்து எடுத்து உதறித் தோளில் போட்டு நடந்தார். பின்னாலிருந்து ஒரு கூப்பாடு வரும், அதற்கு மசியக் கூடாது என்று கழுத்தை இரும்பாக்கி வைத்திருந்தார். குரல் வரவில்லை. இன்னும் நாலடி நடந்தார். வரவில்லை. அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நன்றி கெட்டது! துவட்டிவிட்ட கைக்கு ஒரு சத்தம்கூடக் கிடையாதா? கூப்பிடாதபோது விறைப்பாக நடந்துபோவதில் என்ன வீரம் இருக்கிறது?

கொல்லைக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

பிறகு, சத்தம் வராமல், மெல்லத் திரும்பினார்.

கரையில் அந்த வெள்ளையைத் தவிர எல்லாம் பழுப்பாக, எல்லாம் ஒன்றுபோல, அலகை இறகுக்குள் செருகிப் படுத்திருந்தன. அதில் எது அது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வெந்நீர் அங்கேயே நின்றார்.