ஜமீலாக்காவுக்கு வந்த தலைவலி

சேலத்தில் அப்பாவுக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஏற்காடு கடைவீதியில் ஜமீலாக்காவின் பாத்திரக் கடைக்கு அடுத்த கடைக்காரர். “கடை தொறக்கறப்பவே அக்கா நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்தாங்க. அப்புறம் எந்திரிக்கவே இல்லீங்க டீச்சர்” என்றார். அப்பாவை விட்டு ஓடவும் முடியாது, உட்காரவும் முடியவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன்.

அக்கா ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கடையில் மின்விசிறி கிறீச்சிட்டால் சாப்பிட்ட கையோடு ஸ்டூலில் ஏறிவிடுவார். கீழே ஒருவர் குக்கர் விலை கேட்டு நிற்பார். “இருங்க, இது ஏன் கத்துதுன்னு பாத்துட்டு வாரேன்” என்பார். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் நிம்மதி கிடையாது. எனக்கு எரிச்சலாகவும் இருந்திருக்கிறது.

அப்பாவை வாரம் இருமுறை, ஏற்காடு மலையில் எங்கள் ஊரான செம்மநத்தத்திலிருந்து சேலம் அழைத்துப்போகத்தான் அந்தப் பழைய டீசல் காரை வாங்கினேன். கொஞ்ச நாளிலேயே, மலை ஏறும்போது மட்டும் ‘சுப் சுப்’ என்று ஒரு சத்தம். சேலத்தில் மெக்கானிக்குகள் சமதளத்தில் ஓட்டிப் பார்த்து, டீசல் வண்டி என்றால் அப்படித்தான் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கோ அதைவிடப் பெரிய கவலை இருந்தது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அப்பாவுக்குத் தலை வெடித்தது, குமட்டியது. வீட்டு வாசலில் ஆள் பிடித்துத்தான் இறக்க வேண்டும். டயாலிசிஸ் முடிந்தால் சிலருக்கு அப்படி இருக்கும் என்றார்கள். எனக்கும் லேசாக வலிக்கும். அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன். “இனி என்னையக் கூட்டிட்டுப் போவாத சாமி, உட்டுரு” என்று அப்பா சொல்ல ஆரம்பித்திருந்தார். டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும்.

சேலத்துக்குச் சரக்கு எடுக்க வந்த அக்கா ஒருநாள் திரும்பும்போது எங்களோடு ஏறிக்கொண்டார். முதல் வளைவிலேயே, “ஏன் கண்ணு, இதென்ன சத்தம்?” என்றார். பின்னால் கிடந்த ஜாக்கிதான் என்று அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சத்தம் நிற்கவில்லை. சக்கரம் என்றார், இறங்கி நான்கையும் உதைத்துப் பார்த்தார். அதுவும் இல்லை. பிறகு, “கண்ணாடிய எறக்கிட்டுப் பாறைய ஒட்டி ஓட்டு. யாரும் பேசக்கூடாது” என்றார். பள்ளத்துப் பக்கம் காற்றோடு போய்விடும் சத்தத்தைப் பாறை நம்மிடமே திருப்பி அனுப்பும். காதைச் சன்னலோரம் வைத்துக் கேட்டவர், “எஞ்சின்லதான். எங்கியோ காத்துப் பிச்சுட்டுப் போவுது” என்றார். அதற்குள் பனி இறங்கிவிட்டது. அப்பாவுக்குக் குளிருமே என்று, எப்போதும் போலக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் அக்கா நின்றிருந்தார். முகமெல்லாம் வெளுத்திருந்தது.

“ராத்திரி பூரா நொம்பத் தலைவலி, கொமட்டல் வேற. உங்கப்பாவுக்கு டயாலிசிஸ்னால வருதுங்கற. எனக்கு எவன் டயாலிசிஸ் பண்ணுனான்?”

வண்டிதான் காரணம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. விடுப்புச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். ஏற்காட்டு மெக்கானிக்கை அக்கா சும்மா விடவில்லை. அங்கே பார், இங்கே பார் என்று உயிரை வாங்கிவிட்டார். மெக்கானிக் எஞ்சின்மேல் சோப்புத் தண்ணீரை ஊற்றி ஓடவிட்டதும், டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டரின் அடியில் நுரை கொப்பளித்தது. அதற்கடியில் இருக்கும் செப்பு வாஷர் போய்விட்டிருந்தது. ஏற்றத்தில் எஞ்சின் திணறும்போதெல்லாம் எரிந்த புகை அந்த வழியாகக் கிளம்பி, காற்று வரும் துளைகள் வழியே, மூடிய வண்டிக்குள் வந்துகொண்டிருந்தது. நானே அப்பாவைப் புகையில் அடைத்துக் கூட்டிவந்திருக்கிறேன். வாஷரை மாற்றிய பிறகு அவர் வாசலில் தானே இறங்கி நடந்தார். விட்டுவிடச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

அக்கா இறந்த செய்தியை, டயாலிசிஸ் முடிந்து மலை ஏறும்போதுதான் அப்பாவிடம் சொன்னேன். “நேரா அவிய ஊட்டுக்கு உடு சாமி” என்றார். அடக்கத்துக்கு ஜனாஸா புறப்படுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். கூட்டத்தில் யார் கையையும் பிடிக்காமல் நடந்துபோய் ஆண்களோடு உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவரிடம், “என்னையத்தானுங்க மொதல்ல எடுத்திருக்கோணும்” என்று சொல்லி அழுதார்.

அக்காவிடமிருந்து எனக்கு வந்திருப்பது அந்த நிம்மதியின்மைதான். அது எனக்குத் தீரவேண்டாம். இப்போதெல்லாம் பின்சீட்டில் அப்பா சற்று நேரம் பேசாமலிருந்தால் வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்க்கிறேன்.

“தூங்கறேன் சாமி. ஓட்டு” என்று எரிந்துவிழுகிறார்.