கோப்பெங் தோட்டத்தில் ஒரு ஃபார்முலா பசிபிக்

பெரிய பந்தயங்களுக்கு ஏறிப் போனதும் விட்டுவிடுவதற்காகவே செய்யப்பட்ட ஒரு காரை ஒருவர் ஏன் இத்தனை பிரியமாக வைத்திருக்க வேண்டும்? கோப்பெங் பக்கம் பழைய ரப்பர்த் தோட்டத்துப் புகைக்கூடத்தில் ஒரு பந்தயக் கார் நிற்பதாக ஈப்போவில் இருக்கும் தோழி சொன்னாள். நம்பாததால்தான் இந்த 1984 ஆகஸ்ட் விடுமுறையில் கிளம்பினேன்.

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் பேருந்தில் எட்டு மலேசிய வெள்ளி, நான்கு மணி நேரம். அங்கிருந்து சிம்பாங் பூலாய் வழியாகக் கோப்பெங் இருபது கிலோமீட்டர். ஒரு வெள்ளி இருபது காசு. பிறகு தோட்டத்துக்கு வாடகைக் கார், மூன்று வெள்ளி.

"அங்க இப்ப ரப்பரே இல்லக்கா, எல்லாம் செம்பனைதான். யாரப் பாக்கணும்?" என்றார் ஓட்டுநர்.

"ஒரு காரை."

"தேவசகாயம் காரா? அது ஓடாதுலா. சத்தம் மட்டும் போடும்."

புகைக்கூடத்தில் கார் இருந்தது. ஒரே இருக்கை, முழங்கால் உயரம், உடலுக்கு வெளியே நான்கு சக்கரங்கள். இது ஃபார்முலா பசிபிக் வகை. பெரிய பந்தயங்களுக்குப் போக நினைக்கும் இளைஞர்கள் நம் வட்டாரத்தில் முதலில் இதில்தான் பழகினார்கள். வெளிநாட்டில் ஓடித் தேய்ந்த கார்கள் கைமாறி இங்கே வரும். வாங்குபவர் தன் நிறத்தைப் பூசிக்கொள்வார். இதன் சிவப்புக்கு அடியில் நீலம், அதற்கும் அடியில் மஞ்சள். சென்ற ஆண்டு மக்காவ் பந்தயம் ஃபார்முலா த்ரீக்கு மாறியது. அதோடு பசிபிக் கார்களுக்கு வேலை போனது.

தேவசகாயம் ஈப்போவில் மெக்கானிக்; வீடு இந்தத் தோட்டத்தில். அவருடைய முதலாளியான தவுக்கேயின் மகன் பத்து தீகா பந்தயத் திடலில் ஓட்டிய கார் இது. உலகப் புகழ்பெற்றவர்கள் இதில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். ஆதாரம் கேட்டேன். "வாய்ப் பேச்சுதான்க்கா" என்று சிரித்தார்.

தவுக்கே இன்ஜினைக் கடலோரப் பாகான் டத்தோவின் படகுக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். அவர் மறுநாள் காலை பத்து மணிக்கு எடுக்க வருகிறார். அதற்குள் தேவசகாயத்துக்கு ஓர் ஆசை: தான் பிரித்துக் கோத்த இன்ஜின் சாலையில் ஓடுவதை ஒருமுறை கேட்க வேண்டும்.

"அப்புறம் போட்டுல போட்டாலும் சரி, கடல்ல போட்டாலும் சரி."

இருக்கைக்குள் அவர் தோள் நுழையாது. நுழையக்கூடியவர் அவர் மனைவி பிலோமினா; பள்ளி வேன் ஓட்டுபவர்.

"நான் ஏற மாட்டேன். கோயில் பூசைக்கு வராத மனுசன் இதுக்கு மட்டும் தினம் வெளக்கு புடிக்கிறாரு," என்றவர், சக்கரங்களின் அடியைப் பார்த்தார். "அந்தோணியார் படம் ஒட்டியாச்சுல்ல? எலுமிச்சம் பழம் எதுக்கு?"

"நாந்தான் வேதக்காரன், பிலோ. டயரு இல்லலா."

போக நினைப்பவர்களுக்கு: தோட்ட அலுவலகத்தில் முன்னரே அனுமதி கேளுங்கள். குடை எடுத்துப் போங்கள். காரில் உட்காரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உள்ளே போவது எளிது, வெளியே இழுக்க இரண்டு பேர் வேண்டும். நான் அன்றே திரும்புவதாக இருந்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகக் கோப்பெங்கில் அறை எடுத்துத் தங்கினேன்.

மறுநாள் நடந்தது இது. காலை ஒன்பதரைக்குப் பிலோமினா கணவரின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து காரில் இறங்கினார்.

"ரெண்டாவது கியர் போதும். வாசல் கேட் பக்கத்துல திருப்பிக்கிட்டு வந்துரு," என்றார் தேவசகாயம்.

எலுமிச்சம் பழங்கள் நசுங்கின. கார் தோட்டத்துத் தார்ச் சாலையில் போனது. வாசலில் திரும்பவில்லை. சத்தம் பெரிய சாலைப் பக்கம் தேய்ந்து மறைந்தது. பத்து மணிக்குப் படகுக்காரரின் லாரி வந்தது.

"இன்ஜின் எங்கண்ணே?"

"வரும்," என்றார் தேவசகாயம். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, மூவரும் அந்த லாரியிலேயே தேடிப் போனோம். கோப்பெங்குக்குச் சற்று முன்னால், பெட்ரோல் தீர்ந்து கார் ஓரமாக நின்றது. பிலோமினா சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சு கியர் இருக்கு. நீங்க ரெண்டுதான் சொன்னீங்க."

தேவசகாயம் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அஞ்சாவதுல சத்தம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

பிலோமினா யோசித்தார். பிறகு, சாலையோரத்தில் நின்று, அதை வாயாலேயே போட்டுக் காட்டினார்.

"இன்னொரு தடவ," என்றார் தேவசகாயம். படகுக்காரர் லாரி இன்ஜினை அணைத்தார்.

அதன் பிறகுதான் காரை இழுத்துவந்து கழற்றினார்கள். மதியம் இரண்டு மணிக்கு லாரி பாகான் டத்தோவுக்குக் கிளம்பியது.